தன் பொருளைத் தானே திருடுதல்

களவைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களிற் பெரும்பாலானவை பணத்தாசையிலே தொடங்கிப் பிடிபடுதலிலே முடியும். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹௌ டு ஸ்டீல் எ மில்லியன்’ என்னும் ஆங்கிலப் படத்திலோ களவுக்குக் காரணம் ஆசையன்று; அச்சமே. திருடப்படும் பொருளும் பிறருடையதன்று. இதனை நெறிப்படுத்தியவர் ‘பென்ஹர்’ தந்த வில்லியம் வைலர்.

பாரிஸ் நகரத்துச் சார்ள்ஸ் பொன்னே, மறைந்த மேதைகளின் பெயரிலே போலி ஓவியங்கள் தீட்டி விற்பவர். அவர் வீட்டு வீனஸ் சிலை 16ஆம் நூற்றாண்டுச் சிற்பி செல்லினி செய்ததென்று உலகம் நம்புகிறது. உண்மையில் அதனைச் செதுக்கியவர் பொன்னேயின் தந்தையார். மாதிரியாக நின்றவர் தாயார். அச்சிலையைப் புகழாசையால் நூதனசாலைக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்துவிடுகிறார். பத்து இலட்சம் டொலர் காப்புறுதிப் பத்திரத்திலே கையொப்பமிட்ட பின்னரே, நிபுணர் வந்து சிலையைச் சோதிப்பார் என்பது தெரியவருகிறது. சோதித்தால் தந்தைக்குச் சிறை. ஆகவே சிலையைத் திருடிவிட மகள் நிக்கோல் துணிகிறாள்.

துணைக்கு அவள் நாடுவது சைமனை. ஓர் இரவு வீட்டினுள்ளே வான்கோ ஓவியத்தருகில் அவனைக் கண்டு, அச்சத்தால் கைத்துப்பாக்கி வெடித்துவிட, அவன் கையிற் காயம் பட்டிருந்தது. அவனைக் கள்வனென்றே அவள் நம்புகிறாள். அவனோ போலிகளைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளன்.

விளக்குமாறும் வாளியும் வைக்கும் சிற்றறையிலே இருவரும் ஒளிந்திருக்கும் காட்சிதான் படத்தின் உயிர். காவலாளி அறையைப் பூட்டிவிட, வெளிச்சுவரிலே தொங்கும் திறப்பைக் காந்தத்தால் சுவர்வழியே இழுத்தெடுக்கிறான் சைமன். சிலையைச் சூழ்ந்த கண்காணாக் கதிர்களை, எறிந்தவரிடமே திரும்பும் பூமராங் என்னும் வளைதடியால் மீண்டும் மீண்டும் குலைக்கிறான். அபாய ஒலியின் தொல்லை தாங்காது காவலர் கருவியையே நிறுத்திவிடுகின்றனர். பொறியை வெல்வதற்குப் பொறியன்று, மனிதரின் சலிப்பே போதுமென்று அவன் கணக்கிட்டது மிக நுட்பமானது.

ஆயினும் நெஞ்சில் நிற்பது அவ்வுபாயமன்று. நெருக்கமான அவ்விருட்டிலே, சிலை போலியென்பதை அவன் முன்னரே அறிவான் என்பது நிக்கோலுக்குப் புலனாகிறது. அறிந்தும் ஏன் தன் தொழிலையும் நற்பெயரையும் பணயம் வைத்து வந்தான்? மறுமொழி சொல்லாற் கிடைப்பதில்லை, முத்தமே மறுமொழியாகிறது. பொய்யே நிறைந்த கதையில் இவ்விடத்திற்குப் பொய் எட்டவில்லை. ஒட்றி ஹெப்பேணும் பீற்றர் ஓ ரூலும் குரலை உயர்த்தாமல் இதனை நடித்திருப்பது பாராட்டத்தக்கது. ஹெப்பேணின் ஆடைகளை அமைத்தவர் பிரான்சியக் கலைஞர் ஜிவான்ஷி. எனினும் தரை கழுவும் பெண்ணின் உடையிலேதான் அவர் மிக அழகாய்த் தோன்றுகிறார் எனல் மிகையாகாது.

சிலைமீது பித்துக்கொண்ட அமெரிக்கச் செல்வரின் பகுதி சற்றே நீண்டுவிட்டது. இறுதியில் சிலை அவரிடமே போய்ச்சேருகிறது. போலித்தொழிலைக் கைவிடுவதாகத் தந்தையார் வாக்களிக்கிறார். காதலர் காரிலே புறப்படும்போது, ஓவியப் பித்தர் வேறொருவர் வாசலிலே வந்திறங்குகிறார். அவர் யாரென்று சைமன் வினவ, உறவினர் என்கிறாள் நிக்கோல்.