டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அறிய வேண்டியவை

ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைந்துபோவது, தைராய்டு குறைபாட்டைப் போன்ற ஓர் உடற்குறைபாடுதான். ஆயினும் நம் ஊரில் அதற்கு வழங்கும் பெயர் 'ஆண்மைக் குறைவு'. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்கள் இப்பெயரை நன்றாகப் பரப்பிவைத்திருக்கின்றன. எங்களுக்கு இப்பெயரில் உடன்பாடு இல்லை. பரிசோதனைக்கு வரக் கூசி, உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ பரிந்துரைத்த ஊசியை வீட்டாருக்குத் தெரியாமல் போட்டுக்கொள்வதில் இப்பெயருக்கும் பங்கு உண்டு.

அவ்வாறு போட்டுக்கொள்பவர்கள் இதைச் 'சத்து ஊசி' என்று எண்ணிவிடுகிறார்கள். சத்து ஊசி உடலில் இருப்பதோடு சேர்வது. இதன் வேலை வேறு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை இயக்குகிறது. விரைகள் டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுக்களையும் உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும், வேண்டிய அளவு இருக்கிறது என்று கருதிப் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திவிடுகிறது. விரைகள் ஓய்ந்து சற்றே சுருங்குகின்றன. விந்தணு உற்பத்தி குறைந்து, பலருக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டுகிறோம். 'ஆண் ஹார்மோன்' என்பதால் அது குழந்தைப் பேற்றுக்கு உதவும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர் எதிரானது. உலக சுகாதார நிறுவனம் வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே ஆராய்ந்து பார்த்திருக்கிறது. விரைகளுக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவானது. விந்தணு உருவாக அச்செறிவு தேவை. புட்டத்தில் போடும் ஊசி இரத்தத்தின் அளவை உயர்த்துமேயன்றி அச்செறிவைத் தராது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணுக்கள் திரும்புகின்றன. ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நெடுங்காலம் பயன்படுத்தியவர்களுள் சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

கணவர் ஊசி போட்டுக்கொள்வது தெரியாமல் மனைவிக்கு மட்டும் பரிசோதனை மேல் பரிசோதனை நடப்பதும், குறை அவள்மேல் சுமத்தப்படுவதும் எவ்வளவு பெரிய அநியாயம்! குழந்தை வேண்டுவோர் ஊசி தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பிட்யூட்டரியின் குறைபாட்டால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர்களுக்கு, விரைகளையே தூண்டும் எச்.சி.ஜி. ஊசி போன்ற வேறு மருத்துவம் உண்டு. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் குழந்தைப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டதாயினும் கூற வேண்டும். எங்கள் வேலை சிகிச்சை அளிப்பது, கண்டிப்பதன்று.

ஊசி யாருக்குத் தேவை? களைப்பும் விருப்பக் குறைவும் மட்டும் இதற்குச் சான்றாகா. உறக்கமின்மை, மனச்சோர்வு, கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவையும் அவ்வாறே காட்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பதால், காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். அதுவும் இரண்டு வெவ்வேறு நாட்களில். காய்ச்சலின்போது அளவு தானாகவே தாழும். அப்போது எடுத்த முடிவை நம்பக்கூடாது. அறிகுறிகள் இருந்து, இருமுறையும் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், அடுத்து காரணத்தைத் தேடுகிறோம். இளமையில் பொன்னுக்கு வீங்கி வந்து விரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். உடற்பருமன் காரணமாயின், எடை குறைந்தாலே அளவு ஓரளவு உயரும்.

மருந்து எண்ணெயில் கரைந்திருப்பதால் தசைக்குள் ஆழமாகப் போடப்படுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போடும் வகையில், முதற் சில நாட்கள் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசி நெருங்கும்போது இறங்கும். மனநிலையும் உடன் ஏறி இறங்கலாம். இறங்கும் நாட்களில் சோர்வு மிகுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவைக் குறைத்து இடைவெளியைச் சுருக்க இயலும். தாமாகவே முன்கூட்டிப் போட்டுக்கொள்வது கூடாது. பத்து முதல் பதினான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் அன்டெகனோயேட் வகையை மெதுவாகச் செலுத்த வேண்டும். எண்ணெய்த் துளி நுரையீரலை அடைந்து இருமலும் மூச்சுத் திணறலும் வரும் வாய்ப்பு அரிதாக உண்டு. ஆதலால் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் மருத்துவமனையில் அமர்ந்திருக்க வேண்டும். இன்சுலினைப் போல் இம்மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதில்லை.

ஊசி தொடங்கியபின் நாங்கள் மிகவும் கவனிப்பது இரத்தத்தின் கெட்டித்தன்மையை. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. களிம்பைவிட ஊசியில் இது அதிகம். ஹீமடோகிரிட் என்னும் அளவு 54 விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, அளவு தணிந்தபின் குறைத்துத் தொடங்குகிறோம். இப்பரிசோதனை ஊசிக்கு முன்பும், தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களிலும், பின் ஆண்டுதோறும் செய்யப்பட வேண்டும். 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். இரத்தம் கெட்டிப்படுவது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள்.

இதயம் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து பெற்றவர்களைவிட அதிகரிக்கவில்லை; ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரல் இரத்தக் கட்டியும் சற்று மிகுந்து காணப்பட்டன. அவ்வாய்வில் தரப்பட்டது களிம்பு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் இவ்வூசியை நாங்கள் தொடங்குவதில்லை. நடுவயதைக் கடந்தவர்களுக்குப் பி.எஸ்.ஏ. பரிசோதனையும் உண்டு.

வீட்டார் கவனிக்க வேண்டியவையும் சில உள. உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் துணைவியின் கண்ணுக்கே முதலில் படும். ஊசி அதனைக் கூட்டக்கூடும். வார்ஃபரின் உண்பவர்களுக்கு இரத்தக் கசிவு மிகலாம்; சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழலாம். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மூன்று வார ஊசி எனில், இரு ஊசிகளுக்கும் நடுவில் ஒரு நாளிலும், அன்டெகனோயேட் எனில் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பும் இரத்தம் எடுக்கப்படும். நோட்டைப் பார்த்துத்தான் அந்நாளைக் குறித்துத் தருவோம்.