பழைய கருவியை மாற்றலாமா? ஓர் இசைக்கலைஞரின் கணக்கு

தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே அமைந்துள்ள சுள்ளிக்கல், பாடகர் மெஹபூப் (1926–1981) பாடி மகிழ்வித்த கொச்சி மண்ணின் ஒரு பகுதி. இசை இங்கே பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பிழைப்பு. அத்தகைய தமிழ் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு எமது கிளைக்குக் கடன் கேட்டு வந்தார்.

விடுதிகளிலும் திருமணங்களிலும் தனியாகப் பாடுபவர் அவர். துணைக்கு இருப்பது ‘லூப் ஸ்டேஷன்’ என்னும் கருவி. கிட்டாரில் ஒரு சிறு துணுக்கை வாசித்துப் பதிந்தால் அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் தாளம், அதன்மேல் சேர்ந்திசை என அடுக்கி, இறுதியில் அவர் பாடுவார். 1973இல் ராபர்ட் ஃபிரிப், பிரையன் ஈனோ இருவரும் இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளைக் கொண்டு ஓர் இசைத்தட்டில் செய்ததை இன்று ஒரு சிறு பெட்டி செய்கிறது. இளைஞரிடம் இருந்தது 2013இல் வெளியான பாஸ் ஆர்.சி.505, மேசைமேல் வைத்துக் கையால் இயக்குவது.

அதை 25,000 ரூபாய்க்கு விற்று, மடிக்கணினி, மென்பொருள், ஒலி இணைப்புக் கருவி ஆகியவற்றை 75,000 ரூபாய்க்கு வாங்க விரும்பினார். குறைவது 50,000 ரூபாய். பிணை கேட்காத முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவின் உச்சவரம்பும் அதுவே. கணக்கிற்காக 12 விழுக்காடு வட்டி, 24 மாதத் தவணை என்று கொண்டால் மாதத்திற்கு ஏறத்தாழ 2,354 ரூபாய் செலுத்தவேண்டும்.

“இக்கருவி இல்லாததால் இதுவரை எத்தனை நிகழ்ச்சிகளை இழந்தீர்கள், தம்பி?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “ஒன்றுதான் சார்” என்றார். பிறகு, தம் தந்தை ஆர்மோனியத்தை விற்று மின்னணுக் கீபோர்டு வாங்கிய கதையைச் சொன்னார். இரண்டே ஆண்டுகளில் கீபோர்டு பழுதாயிற்று; உதிரிபாகம் கிடைக்கவில்லை. ஆர்மோனியமும் திரும்பவில்லை. அதன்பின் தந்தை வாசிப்பதையே நிறுத்திவிட்டாராம். மகனின் தயக்கத்திற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சுட்டினேன். 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடும், கணினிக்கு 40 விழுக்காடும் தேய்மானம் அனுமதித்தன. அவ்விகிதப்படி 50,000 ரூபாய்ப் பொருளின் ஏட்டு மதிப்பு மூன்றாண்டு முடிவில், இயந்திரமாயின் சுமார் 30,700, கணினியாயின் 10,800. கணினி விரைவில் பழையதாகும் என்பதைச் சட்டமே கருத்தில் கொண்டிருந்தது.

ஆகவே விற்குமுன் மூன்று நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்குமாறு கூறினேன். நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வாடகை. அடுத்த மாதம் அவர் மீண்டும் வந்தார். நீண்ட திருமணக் கச்சேரியில், பாடல் வரிசையை நினைத்தபடி மாற்றக் கணினி பெரிதும் உதவியதாம். சிறிய விடுதி அரங்கிலோ, திரையைப் பார்த்தே பாடியதில் எதிரே இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். கிட்டாரிலிருந்து கையை எடுக்கவேண்டியிருப்பதே பழைய கருவியின் உண்மையான குறை என்றும் உணர்ந்திருந்தார். அதற்குச் சில ஆயிரம் ரூபாயில் காலால் அழுத்தும் ஒரு சுவிட்ச் போதுமானதாக இருந்தது.

கடன் விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். கிளைக்கு ஒரு கடன் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. மாதம் ஒருமுறை மட்டும் கணினி தேவைப்படும்வரை வாடகையே சிக்கனம். இரண்டு முறை தேவைப்பட்டால் வாடகை 3,000 ரூபாய் ஆகிவிடும், அப்போது தவணையே மேல். அந்நிலை வரும்போது மீண்டும் வருமாறு கூறியிருக்கிறேன்.

தையல் இயந்திரமோ, புகைப்படக் கருவியோ, தொழிற்கருவி எதுவாயினும் வாடிக்கையாளர்கள் மூன்றைப் பார்க்கவேண்டும்: பழையதற்கு முன்பு கொடுத்த விலையை அல்ல, இன்று கிடைக்கும் விலையை, புதியதால் கூடும் வருவாயை, விற்றபின் திரும்பப் பெறமுடியுமா என்பதை. இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்கு வாருங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.