சிரிப்பும் ஓர் உடற்பயிற்சியா?

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. எந்த நோய், எவ்வளவு சிரித்தால், எப்படிப் போகும் என்று பழமொழி கூறுவதில்லை. அது அதன் வேலையும் அன்று. ஆனால், அறிவியல் அக்கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். இன்று பல ஊர்ப் பூங்காக்களில் காலை வேளையில் சிலர் வட்டமாக நின்று, நகைச்சுவை எதுவும் இல்லாமலே கைதட்டிச் சிரிக்கிறார்கள். இது உண்மையில் பயிற்சிதானா? இதை நம்பி ஒருவர் நடைப்பயிற்சியை விட்டுவிடலாமா? மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

முதலில் நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, மூச்சு தீரும்வரை 'ஹா ஹா ஹா' என்று உரக்கச் சிரியுங்கள். ஒவ்வொரு 'ஹா'வுக்கும் வயிறு ஒருமுறை உள்நோக்கித் துடிப்பதைக் கை உணரும். சாதாரணமாக நாம் மூச்சை வெளியே விடும்போது தசைகளுக்கு அநேகமாக வேலையே இல்லை. இழுத்துவிட்ட ரப்பரைப்போல் நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். சிரிக்கும்போது நடப்பது வேறு. வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் நொடிக்கு நான்கைந்து முறை வெட்டிவெட்டிச் சுருங்கிக் காற்றைத் தள்ளுகின்றன.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் இதை அளந்து பார்த்தார்கள். சாதாரணமாக மூச்சை விட்டபின் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று எஞ்சியிருக்கும். குலுங்கிச் சிரித்தபோது அதிலிருந்தும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வெளியேறிவிட்டது! நாம் ஒருமுறை விடும் மூச்சு அரை லிட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு புரியும். சிரித்து முடித்ததும் நம்மையறியாமல் ஆழ்ந்த மூச்சு ஒன்றை உள்ளிழுக்கிறோம். சிரிப்பை மூச்சுப் பயிற்சி எனலாம் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் 'சிரித்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் பெருகுகிறது' என்பது மிகைக் கூற்று. நலமாயிருப்பவரின் இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்தே இருக்கிறது.

உடல் எடை குறையுமா? அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஆய்வின்படி, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடச் சிரிக்கும்போது 10 முதல் 20 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாகிறது. நாளொன்றுக்கு 10, 15 நிமிடம் சிரித்தால் 10 முதல் 40 கலோரி. சிறிய இட்லி ஒன்றில் இருப்பதற்கு மேல் போகாது. அதே நேரம் விரைவாக நடந்தால் இதைவிட அதிகம் செலவாகும். ஆகவே, நடையை விட்டுவிடாதீர்கள்.

சிரிப்பு எப்போது பயிற்சியாயிற்று? 1995 மார்ச்சில் மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் ஒரு பூங்காவில் சிலரைச் சேர்த்துக்கொண்டு முதல் சிரிப்பு மன்றத்தைத் தொடங்கினார். முதலில் துணுக்குகள் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு வாரங்களில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோயின. எஞ்சியவை பிறரைப் புண்படுத்துவனவாக இருந்தன. அதன் பிறகே துணுக்கு இல்லாமல் சிரிக்கும் முறை வந்தது. இப்போது பல நாடுகளில் இத்தகைய மன்றங்கள் உள்ளன.

பொய்ச் சிரிப்புக்கும் மெய்ச் சிரிப்புக்கும் உடல் வேறுபாடு அறியாது என்று இம்மன்றத்தினர் கூறுவதுண்டு. இது பாதி உண்மையே. மூளையில் சிரிப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. நாமாகச் சிரிக்கும்போது பெருமூளையின் இயக்கப் பகுதி ஆணையிடுகிறது. சிரிப்பு தானாக வரும்போது மூளையின் உட்பகுதிகளும் மூளைத் தண்டும் அதைத் தூண்டுகின்றன. பக்கவாதம் தாக்கிய சிலரிடம் 'சிரியுங்கள்' என்றால் வாயின் ஒரு பக்கம் அசையாது. ஆனால் நகைப்புக்குரியது எதையேனும் கேட்டால் இரு பக்கமும் மலரும்! எனவே மூளை வேறுபாடு அறியும். வயிற்றுத் தசைகளுக்குத்தான் அது தெரியாது.

வலியைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டமாக நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்தவர்களின் கையில் உறையவைத்த குளிர் உறையை மாட்டினார்கள். சிரிப்பதற்கு முன்பு தாங்கியதைவிட அதிக நேரம் அவர்கள் தாங்கினார்கள். சுவையற்ற படம் பார்த்தவர்களிடம் இம்மாற்றம் இல்லை. நண்பர்களுடன் சிரித்தபின் மூளையில் வலி தணிக்கும் இயற்கைப் பொருள்கள் சுரப்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் படம்பிடித்துக் காட்டினார்கள். ஆயினும் இவையெல்லாம் மெய்ச் சிரிப்பின் பலன்கள் என்பதை மறக்கலாகாது. நல்ல வேளையாக, கூட்டத்தில் பொய்யாகத் தொடங்கும் சிரிப்பு விரைவில் மெய்யாகிவிடுவதுண்டு. தனிமையில் இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர் சுமார் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க உளவியலார்.

நகைச்சுவையே இல்லாத வெறும் பயிற்சிக்குச் சான்று உண்டா? எதிர்பாராத இடத்திலிருந்து ஒன்று கிடைத்திருக்கிறது: கண்! சீனாவில் கண் உலர்வு நோயுள்ள 299 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் நாளைக்கு நான்கு முறை, முறைக்கு ஐந்து நிமிடம் 'ஹீ ஹீ ஹீ, ஹா ஹா ஹா' என்று சொல்லிச் சிரித்தார்கள். மற்றவர்கள் நாளைக்கு நான்கு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து இட்டார்கள். எட்டு வாரங்களில் கண் உறுத்தல் இரு சாராருக்கும் குறைந்தது. சிரித்தவர்கள் மருந்திட்டவர்களைவிடப் பின்தங்கவில்லை. சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள வட்டத் தசை சுருங்கி இமைகளை அழுத்துகிறது. இமை விளிம்பில்தான் கண்ணீரைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. இந்த அழுத்தம் உதவியிருக்கலாம்.

இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு உண்ணும் மாத்திரைகளுக்கு மாற்றாகச் சிரிப்பை வைக்க இத்தகைய சான்று எதுவும் இல்லை. சிரிப்பில் தீமையும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பலத்த சிரிப்பு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். வயிற்றினுள் அழுத்தம் ஏறுவதால் குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்கள் உணவு உண்டவுடன் செய்யாமல், சிறிது சிறிதாகத் தொடங்கலாம். இடையிடையே ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும்.