சக்கரவர்த்தியின் இல்லறம்

பெருவீரர்களின் கதையைத் திரையில் காணச் செல்வோர் போர்க்களத்தையே எதிர்பார்த்துச் செல்வர். 2023ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘நெப்போலியன்’ படத்தில் அதற்குக் குறைவில்லை. ஆஸ்டர்லிட்ஸ் போரில் பனியுறைந்த ஏரி பீரங்கிக் குண்டுகளால் பிளவுபட, வீரரும் குதிரைகளும் மூழ்கும் காட்சியை எளிதில் மறக்க இயலாது. ஆயினும், இயக்குநர் ரிட்லி ஸ்காட் அப்போர்களுக்கு நடுவே ஓர் இல்லறத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார்.

ஜோஸபின் இரு குழந்தைகளின் தாய். அவளுடைய முதற்கணவன் 1794இல் பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்களத்தில் மாண்டான். அவளை நெப்போலியன் 1796 மார்ச்சு 9ஆம் நாள் மணந்தான். இரண்டே நாட்களில் இத்தாலியப் போர்முனைக்குப் புறப்பட்டான். அங்கிருந்து கடிதமேல் கடிதமாக எழுதினான். அவளிடமிருந்து மறுமொழி அரிதாகவே வந்தது. கடிதம் தாமதித்தால் உள்ளம் படும் பாட்டை, ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

படை நடத்தத் தெரிந்தவனுக்கு மனையாளின் மனம் தெரியவில்லை. பிழை இருபுறமும் இருந்தது. வாக்கீன் ஃபீனிக்ஸ் அவனைப் பிடிவாதக் குழந்தையாகவே நடித்துக் காட்டுகிறார். வனெஸ்ஸா கிர்பியோ பார்வையாலேயே பேசுகிறார். 1804 டிசம்பர் 2இல் தன் தலையில் தானே மகுடம் சூடியவன், அவளுக்கும் மகுடம் சூட்டினான். ஐந்தாண்டு கழித்து, வாரிசு இல்லையென்று அவளை விலக்கினான்.

வரலாற்றுப் பிழைகளும் உண்டு. நெப்போலியன் பிரமிடுகளைக் குண்டு வீசித் தாக்கியதில்லை. ஜோஸபின் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். படத்திலோ நடிகை, நடிகரைவிடப் பதின்மூன்று வயதுக்கு மேல் இளையவர். மணவிலக்கின்போது நாற்பத்தாறு வயதை எட்டியிருந்த பெண்ணின் அச்சமும் அவமானமும் இதனால் முழுமையாக வெளிப்படவில்லை.

பிறந்த மகனை நெப்போலியன் ஜோஸபினிடம் கொண்டுவந்து காட்டும் காட்சி நெஞ்சை உருக்குகிறது. அதன் பின்கதையைப் படம் சொல்லவில்லை. யாருக்காக அவளைத் துறந்தானோ, 1811இல் பிறந்த அந்த மகன் அரசாளாமலே 1832இல், இருபத்தொரு வயதில் மறைந்தான். 1852இல் பிரான்சின் சக்கரவர்த்தியானவன் மூன்றாம் நெப்போலியன்; அவன் ஜோஸபினின் மகள் ஹோர்த்தென்ஸ் பெற்ற பிள்ளை! கைவிடப்பட்டவளின் பேரனே அரியணை ஏறினான்.

குருதியும் படுக்கையறைக் காட்சிகளும் உள்ளமையால் இது சிறுவர்க்கு ஏற்றதன்று. பெரியவர்கள் காணலாம். இறுதியில், அவனுடைய போர்களில் மாண்டோர் தொகை திரையில் தோன்றுகிறது. அந்தக் கணக்கில் சேராத இழப்பு ஒன்று உண்டு. அது 1814 மே மாதத்தில், மால்மேசான் மாளிகையில் ஜோஸபின் கண்மூடியது. அப்போது எல்பாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த நெப்போலியன், அவளருகே இல்லை.