ஜன்னல் கண்ணாடியில் காய்ந்த வர்ணம்

பழைய பள்ளிக் கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடிகளின் மீது வர்ணம் சிந்திக் காய்ந்திருப்பதைக் காணலாம். 1971ஆம் ஆண்டுப் போரின்போது, இரவில் விளக்கொளி வெளியே தெரியாதிருக்க, நகரங்கள் பலவற்றில் கண்ணாடி முழுவதற்கும் கறுப்பு வர்ணம் பூசியதும் உண்டு. இதனை அகற்றுதல் எளிதே. ஆயினும் முறை தவறினால் கண்ணாடிக்கு மட்டுமன்றிக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் கேடு விளையும்.

வர்ணம் காயும் விதம்

எண்ணெய் வர்ணம் நீர் வற்றுவதைப்போல உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான ஏடாக மாறுகிறது. ஆதலால், ஈர வர்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன், நெடுநாள் காய்ந்த வர்ணத்தைக் கரைப்பதில்லை. ஆனால் மரத்திலுள்ளவை போன்ற நுண்துளைகள் கண்ணாடியில் இல்லை; வர்ணம் உள்ளே ஊறாமல் மேலே ஒட்டி மட்டுமே நிற்கிறது. ஆகவே அதனை இளக்கிப் பெயர்த்தெடுப்பதே தக்க வழி. வெள்ளையடிக்கையில் தெறித்த சுண்ணாம்பு வேறு வகை. அது வினிகரில் கரைந்துவிடும்.

ஈயத்தின் அபாயம்

முற்காலத்து வர்ணங்களில் நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று 2016இல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். கண்ணால் பார்த்து அறிய இயலாது. உலர்ந்த வர்ணத்தைச் சுரண்டினால் எழும் தூசு மூச்சின் வழியாகவும் கைகளின் வழியாகவும் உடலினுள் புகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். தீங்கு செய்யாத அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை.

செய்முறை

1. ஜன்னலின் கீழே பிளாஸ்டிக் விரிப்பு இடுக. ரப்பர் கையுறையும் தூசு புகாத முகக்கவசமும் அணிக.

2. வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துணியை நனைத்து, வர்ணத்தின்மேல் அரைமணி நேரம் ஒட்டி வைக்க. சோடா எண்ணெயைத் தாக்கி ஏட்டை இளக்கும். கொதிநீர் பட்டால் கண்ணாடி விரிசல் காணும். அலுமினியச் சட்டமாயின் சோடாவுக்குப் பதில் சோப்பு நீரே போதும்.

3. சோப்பு நீரைத் தடவி, பிடியில் பொருத்திய புதிய பிளேடைச் சாய்வாக வைத்து, ஒரே திசையில் தள்ளுக. முன்னும் பின்னும் இழுத்தால் இடையில் சிக்கும் மணல் கீறிவிடும். மணல் கண்ணாடியினும் கடினமானது. எனவே மணலும் உப்புத்தாளும் உதவா.

4. பெயர்ந்த துகள்களை ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையிலிட்டுக் கட்டுக. துடைப்பத்தால் பெருக்குவதும், துகள்களை எரிப்பதும், பள்ளித் தோட்டத்தில் கொட்டுவதும் கூடா.

பள்ளியில் சிரமதானம் நடைபெறும்போது இப்பணியை மாணவர்களிடம் ஒப்படைக்கலாகாது. விடுமுறை நாளில், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இல்லாத வேளையில், பெரியவர்களே இதனைச் செய்து முடித்தல் வேண்டும்.