தன் சுழலிலேயே மோதும் இறக்கை

ஹெலிகாப்டர் தரையிறங்க வரும்போது ‘தட் தட் தட்’ என்று காதை அறையும் சத்தத்தை எஞ்சினின் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதை எழுப்புவது காற்று.

சுழலும் இறக்கையின் மேல்பக்கம் காற்றழுத்தம் குறைவு, கீழ்ப்பக்கம் அதிகம். அந்த வேறுபாடுதான் ஹெலிகாப்டரைத் தூக்குகிறது. ஆனால் இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேலேறிச் சுருண்டு, முறுக்கிய கயிறுபோன்ற சுழலாகப் பின்னால் நீள்கிறது. விமானம் தன் சுழலை விட்டுவிட்டுப் போய்விடும். ஹெலிகாப்டருக்கு அந்த வசதி இல்லை. இறங்கும்போது சுழல்கள் கீழே விலகாமல், சுழலும் இறக்கைகளின் தொகுதியான ரோட்டரை ஒட்டியே தங்கிவிடுகின்றன. முன்னே போன இறக்கை விட்ட சுழலில் பின்னே வரும் இறக்கை மோதுகிறது. அந்த அறைதான் நம் காதில் விழுகிறது.

இந்த மோதலைக் கணினியில் கணக்கிடுவதைவிடச் சிக்கலான கணக்குகள் வானூர்தி இயலில் அதிகமில்லை. சுழலின் வலுவை இறக்கையின் தூக்குவிசை தீர்மானிக்கிறது. அந்தத் தூக்குவிசையையே சுழல் மாற்றிவிடுகிறது. போதாததற்கு, இறக்கை வளைந்து முறுகவும் செய்யும். கணினி எல்லாவற்றையும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே போகவேண்டும். காற்றைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்கள் கொஞ்சம் பெரிதானாலும் போதும், நிஜத்தில் உயிரோடிருக்கும் சுழல் கணினியில் கரைந்துபோகும்.

சரிபார்க்க அளவீடு வேண்டுமே? 2001இல் ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் நெதர்லாந்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் போ 105 ஹெலிகாப்டர் ரோட்டரின் 40 சதவீத அளவு மாதிரியைச் சுழற்றி, லேசர் ஒளியில் சுழல்களைப் படம்பிடித்தார்கள். ‘ஹார்ட் 2’ எனப்படும் அந்த அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான் பல நாடுகளின் ரோட்டர் கணினி மாதிரிகள் சோதிக்கப்பட்டு வருகின்றன.