யாரும் படிக்காத தாள்கள்: 1908-இல் கைசர் அரண்மனையின் பின்கட்டில்

ஒரு கத்தைத் தாள், அதற்குத்தான் எத்தனை பயணம்! 1908 செப்டம்பர் கடைசியில் கிழக்குப் பிரஷ்யாவின் ரோமின்டன் காட்டிலுள்ள, ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் வேட்டை மாளிகையிலிருந்து கிளம்புகிறது. வடகடலின் நோர்டர்னாய் தீவில் ஓய்வெடுக்கும் சான்சலர் பியூலோவிடம் வந்து சேர்கிறது. அங்கிருந்து பெர்லின் வெளியுறவு அலுவலகத்துக்கு. மறுபடி தீவுக்கு, மறுபடி கைசரிடம். கடைசியாக இங்கிலாந்துக்கு. அக்டோபர் 28 காலை, லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' இதழில் அச்சாகி வெளியாகிறது. ஒரு பேரரசே ஆடிப்போகிறது!

தாளில் இருந்ததெல்லாம் கைசரின் பேச்சுதான். 1907 கடைசியில் தென் இங்கிலாந்தின் ஹைகிளிஃப் மாளிகையில் தங்கியிருந்தபோது, அதன் உரிமையாளர் கர்னல் ஸ்டூவர்ட் வோர்ட்லியிடம் கைசர் மனம்விட்டுப் பேசியிருந்தார். இரு நாட்டு உறவும் சீராகட்டும் என்று கர்னல் அதையெல்லாம் ஒரு பேட்டியாக எழுதி, ஒப்புதல் கேட்டு அனுப்பினார். இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது! நினைத்ததையெல்லாம் பேசிவிடும் கைசர், இந்த முறை விதியை அப்படியே கடைப்பிடித்தார். 'முதலில் சான்சலர் பார்க்கட்டும்' என்று முறைப்படி அனுப்பினார்.

சான்சலர் தான் படிக்கவே இல்லை என்று பிறகு சாதித்தார். அதை நம்பலாமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பெர்லினில் அந்தத் தாள்கள் கிளேமெட் என்ற அதிகாரியிடம் போயின. அவர் உண்மையிலேயே படித்தார், கவனமாகவே படித்தார். ஆனால் தகவல் பிழைகளைத் திருத்துவதுதான் தன் வேலை என்று நினைத்தார். இதை வெளியிடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது பெரியவர்கள் பாடு என்று விட்டுவிட்டார். அங்கே இங்கே சில சொற்களை மாற்றினார். கோப்பு நகர்ந்துவிட்டது!

அப்படி என்னதான் சொல்லியிருந்தார்? தான் இங்கிலாந்தின் உயிர் நண்பன் என்றார். ஆனால் ஜெர்மன் மக்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை என்றார். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் போயர்களோடு மோதிய போயர் போரின்போது பிரான்ஸும் ரஷ்யாவும் சேர்ந்து தலையிடலாம் என்று அழைத்தபோது மறுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கும் மேலே, போயர்களை வெல்ல ஒரு போர்த்திட்டம் தீட்டித் தன் பாட்டி விக்டோரியா மகாராணிக்கு அனுப்பினாராம்! ஜெர்மன் கடற்படை இங்கிலாந்தை எதிர்க்க அல்ல, தூரக் கிழக்குக்காக என்றார். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், ஜப்பானியர் எல்லோருக்கும் ஒரே மூச்சில் கோபமூட்டினார். போயர்கள் பக்கம் நின்ற சொந்த மக்களின் கோபம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

நவம்பர் 10, 11 தேதிகளில் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் பொங்கி எழுந்தது. சோஷலிஸ்டுகள் திட்டியதில் வியப்பில்லை. முடியாட்சியின் தூண்களான பழமைவாதிகளே கைசர் நாவை அடக்கவேண்டும் என்றார்கள்! அந்த 10-ஆம் தேதி கைசர் எங்கே இருந்தார் தெரியுமா? கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், கவுண்ட் செப்பலினின் வான்கப்பலைப் பார்க்கப் போயிருந்தார். பிரஷ்யாவின் உச்ச விருதான கருங்கழுகு விருதை அணிவித்து, இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் ஜெர்மானியர் என்று அவரைப் புகழ்ந்தார். அந்த நூற்றாண்டில் எட்டு ஆண்டுகள்தான் கழிந்திருந்தன!

செப்பலினின் கதையும் இதே ஆண்டுதான். ஆகஸ்ட் 5-இல் எக்டர்டிங்கனில் அவருடைய எல்இசட் 4 கப்பல் புயலில் கட்டறுந்து எரிந்து சாம்பலானது. யாரும் ஆணையிடாமலே மக்கள் வாரிக் கொடுத்தார்கள்; 60 லட்சம் மார்க்குக்கு மேல் திரண்டது. அதற்கு முன்பே, மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்றின்படி பெண்களும் அரசியல் கட்சிகளில் சேரலாம் என்று ஆகியிருந்தது. ஜூனில் பிரஷ்ய சட்டமன்றத்துக்குள் முதன்முறையாக ஏழு சோஷலிஸ்டுகள் நுழைந்திருந்தார்கள். பணக்காரர் வாக்குக்கே கூடுதல் எடை தந்த மூன்று வர்க்க வாக்குமுறையின் பூட்டையும் மீறி! வாய்திறந்து பேசும் ஒரு ஜெர்மனி அந்த ஆண்டெல்லாம் வளர்ந்துகொண்டே இருந்தது. என்னை மயக்குவது அதுதான். நவம்பரில் வெடித்த கோபம் ஒரு பேட்டியால் மட்டும் வந்ததல்ல.

கைசரோ ஏரிக்கரையிலிருந்து டோனவ்எஷிங்கனில் இளவரசர் ஃபியூர்ஸ்டன்பர்க்கின் கோட்டைக்குத் திரும்பினார். நவம்பர் 14 இரவு அங்கே விருந்து. கைசரின் இராணுவ அலுவலகத் தலைவர், 56 வயது ஜெனரல் ஹியூல்சன் ஹேஸ்லர், பாலே நடனப் பெண்ணின் உடையில் எல்லோரையும் மகிழ்விக்க ஆடினார். ஆடி முடித்ததும் மாரடைப்பில் சரிந்தார், பிழைக்கவில்லை. கைசர் நிலைகுலைந்துபோனார்.

17-ஆம் தேதி போட்ஸ்டாமில் பியூலோ அவரைச் சந்தித்தார். அரசியல் சட்டப் பொறுப்புகளை மதிப்பதாகக் கைசரின் பெயரில் ஓர் அறிக்கை அரசிதழில் வந்தது. பிறகு கைசர் படுத்துவிட்டார். முடிதுறப்பது பற்றிக்கூடப் பேசினார். இன்னொரு கத்தைத் தாளும் மிரட்டிக்கொண்டிருந்தது! ஜூலையில் நார்வேக் கடலோரம் கைசரின் படகுக்கு வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹேலிடம் இங்கிலாந்தைப் பற்றி அவர் கொட்டித்தீர்த்திருந்தார். அதை வெளியிடவிருந்த 'செஞ்சுரி' இதழைப் பெர்லின் அவசர அவசரமாகத் தடுத்தது. அச்சான பிரதிகள் அழிக்கப்பட்டன.

இத்தனை கொந்தளிப்புக்குப் பிறகும் சட்டத்தில் ஒரு வரி மாறவில்லை. சான்சலரை அமர்த்துவதும் நீக்குவதும் கைசரின் கையிலேயே இருந்தது. ரைக்ஸ்டாக்கில் தன்னைக் காப்பாற்றாத பியூலோவை அவர் மன்னிக்கவே இல்லை. 1909 கோடையில் வரி மசோதா தோற்றதும் பியூலோ விலகல் கடிதம் நீட்டினார். கைசர் ஏற்றுக்கொண்டார்.